அறுநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன்

“ஏனம்மணி, கம்ப்யூட்டர் படிச்சுப்போட்டு நீ எங்க போயிரப் போறே? எங்க சுத்துனாலும் கடைசீல உங்கம்மா டோக்கன்தான் உனக்கு.”

பஞ்சாலையின் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்து நாச்சிமுத்து இதைச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. எந்தத் தொழிலாளி எந்த ஷிப்டுக்கு வந்தார், நேரத்துக்கு வந்தாரா என்று குறிப்பது அவர் வேலை. என் பிளஸ் டூ மார்க் ஷீட்டை அவரிடம் காட்டுவதற்காக அம்மா என்னைக் கூட்டிப்போயிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தாளைத் தலைகீழாக நீட்டினாள். அவர் அதைத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு மார்க்காகப் படித்து, “அடேங்கப்பா” என்று மனதாரச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அந்த வாக்கியத்தையும் சொன்னார். குத்திக்காட்டவில்லை. சாயங்காலம் மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் மனதுக்குள்ளாவது திருப்பித் திட்டியிருப்பேன். மழை வரும் என்பவரை என்ன செய்வது?

இத்தனை வருடம் கழித்து அது நினைவுக்கு வரக் காரணம், போன வாரம் பீளமேட்டில் நான் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் கல்லூரியில் கொடுத்த அடையாள அட்டை. லேமினேஷன் மெஷினில் இருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. சூடு ஆறவில்லை, உருகிய பிளாஸ்டிக் வாடை அடித்தது. என்னைப் போலவே இல்லாத ஒரு போட்டோ, அதன் கீழே பெயர், அதன் கீழே ஓர் எண். போட்டோவைப் பற்றி எல்லோரும் சண்டை போடுவார்கள் போலிருக்கிறது. நான் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றதும் ஆபீஸ் பெண் கலங்கிப்போனாள்.

“ஏனுங் மேடம், ஏதாச்சும் தப்பா இருக்குதுங்களா?”

“இல்லீங்க. இந்த நம்பர் எனக்கு முன்னாடி யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துச் சொல்வதாகச் சொல்லி உள்ளே போனாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்குத் துறை ஆசிரியர், புதிதாக வந்தவளுக்கு ஜாதக நம்பிக்கை, ராசி எண் பார்க்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். ‘கூட்டினா என்ன வருதுங்க?’ என்று அக்கறையாக விசாரித்தார்.

எனக்கு எண் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு பித்தளை வில்லை. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மேலே ஓட்டை, நடுவில் 612. அம்மா காலையில் மில் கேட்டுக்குள் நுழைந்ததும் அதைப் பலகையில் இருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். வேலை முடிந்ததும் மாட்டிவிட்டு வெளியே வருவாள். அவள் பெயர் மாராத்தாள். ஆனால் கேட்டுக்குள் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. மேஸ்திரி கூப்பிட்டால், “அறநூத்திப் பன்னெண்டு, இங்க வா.” சின்ன வயதில் நான் அதைக் கௌரவம் என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நம்பர் இருக்கிறது, ரயிலுக்கு நம்பர் இருக்கிறது, எங்கள் அம்மாவுக்கும் இருக்கிறது.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மில்லின் பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. வேலையில் இருப்பவர் இறந்தாலோ விலகினாலோ அவருடைய பிள்ளைகளில் ஒருவருக்கு அந்த இடத்தைக் கொடுப்பார்கள். வாரிசு வேலை என்று பெயர். இடத்தோடு டோக்கனும் வரும், புது எண் அடிப்பதில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு முதலில் என் அப்பிச்சியுடையது, அதாவது அம்மாவின் அப்பா சுப்பனுடையது. அவர் காட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் இருந்து முதன்முதலாக மில்லுக்கு வந்தவர். பஞ்சுப் பொதியை உடைத்துப் போடும் ப்ளோ ரூமில் வேலை. அங்கேதான் தூசி அதிகம். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த கையோடு அம்மா அந்த வில்லையை எடுத்துக்கொண்டு, நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவுக்குப் போனாள். டோக்கன் இருக்கும்வரை மில்லின் லைன் வீடும் இருக்கும். ஒற்றை அறை, ஓட்டுக்கூரை, பொதுக்குழாய். நான் பிறந்தது, படித்தது எல்லாம் அந்த அறையில்தான்.

சூடான அட்டையில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டேன். குளிருக்கு வருகிறேன்.

நான் ஏ.சி. என்ற ஒன்றை முதன்முதலாக உணர்ந்தது நான் படித்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தக் கல்லூரிக்கே புதிது. லேப் வாசலில் கோயில் மாதிரி செருப்பைக் கழற்ற வேண்டும். வாரில் ஊக்கு குத்தின என் செருப்பை ஒரு தூணுக்குப் பின்னால் விடுவேன். உள்ளே சிவப்புக் கம்பளம், மூடின ஜன்னல்கள், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தைத்த உறை. லேப் அசிஸ்டென்ட் வாசலிலேயே நின்று எங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“ஏம்மா, தலைல என்னது அது? பஞ்சா? தட்டிப்போட்டு வா. மெஷினுக்குத் தூசி ஆகாது தெரியுமல்லோ?”

தெரியும் என்று தலையாட்டினேன். வெளியே போய்த் தட்டினேன். அம்மாவின் சேலையில் இருந்து பாய்க்கு வந்து, பாயில் இருந்து என் தலைக்கு வந்த பஞ்சு அது. மெஷினுக்குத் தூசி ஆகாது. அந்த வாக்கியத்தைப் பல நாள் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பிச்சியின் ப்ளோ ரூம் வாசலில் யாராவது அப்படி நின்று, ‘மனுசனுக்குத் தூசி ஆகாது தெரியுமல்லோ’ என்று சொல்லியிருக்கலாம்.

டேட்டாபேஸ் பாடத்துக்கு வந்தவர் சம்பத் சார். எங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். காலையில் படித்ததை மதியம் நடத்துவார். அவரும் நாங்களும் ஒரே புத்தகத்தில், அவர் ஓர் அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. கேள்வி கேட்டால், “அது நாளைக்குத்தான் எனக்குத் தெரியும்” என்பார். தமிழ் மீடியத்தில் இருந்து வந்த எனக்கு அது பெரிய ஆறுதல். ஆங்கிலப் புத்தகத்தை நான் முதல் தடவை வார்த்தைக்காகப் படிப்பேன், இரண்டாம் தடவைதான் விஷயத்துக்காக.

விஷயம் புரிந்தபோது, நம்புங்கள், அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. உலகத்தில் இருக்கிற சிக்கலான எதையும் சின்னச் சின்ன அட்டவணைகளாகப் பிரித்துவிடலாம். ஒரு விவரத்தை ஓரிடத்தில்தான் எழுத வேண்டும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் இரண்டும் வேறு வேறு சொல்லும். இதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். வகுப்பில் பலர் அதைக் கண்டு மிரண்டார்கள். எனக்கு மட்டும் அது வெகு இயல்பாக இருந்தது. எங்கள் ஒற்றை அறை வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி, ஒரு மூலை. சல்லடை இரண்டு இருக்கிற வீட்டில் பிறந்திருந்தால் நானும் மிரண்டிருப்பேன்.

என் லேப் துணை கீதா அப்படிப்பட்ட வீட்டுப் பெண். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு; வீட்டில் சல்லடை என்ன, சமையலறையே இரண்டு. ஹாஸ்டலில் இருந்தாள். விரல்கள் கீபோர்டில் மழை மாதிரி விழும். ஆனால் எந்த அட்டவணையை எதோடு இணைப்பது என்று கேட்டால் முழிப்பாள். ஆகவே நான் யோசிப்பேன், அவள் அடிப்பாள். “நீ மூளை, நான் கை. பாஸானா ரெண்டு பேரும், பெயிலானா நீ மட்டும்” என்பாள்.

யோசிப்பதற்கு எனக்குத் தாள் வேண்டுமே. அம்மா வைண்டிங்கில் இருந்து ஓரம் நசுங்கின காகிதக் கோன்களைக் கொண்டுவருவாள். நூல் சுற்றும் கூம்பு. அதைக் கிழித்து விரித்தால் உள்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். அதில் கட்டம் கட்டமாக வரைவேன். ஒரே தொல்லை, விட்ட மறுநிமிடம் அது தன் பழைய உருவத்துக்குச் சுருண்டுவிடும். நாலு மூலைக்கும் அரிசிப் படி, உப்புச் சாடி, அப்பாவின் டிபன் டப்பா, என் முட்டி. அப்பா சூலூரில் ஒரு தறிக்கூடத்தில் தறி ஓட்டினார். வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவை எடுப்பார். ஓர் அட்டவணை சுருண்டு போகும். “என்ன அம்மணி, கட்டம் கட்டமா? ஜெயிலா கட்டறே?” என்பார்.

மூன்றாம் வருடம் புராஜெக்ட். ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு உண்மையாகவே பயன்படும்படி ஒரு டேட்டாபேஸ் செய்து காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு மாமா ஆஸ்பத்திரி, சித்தப்பா எக்ஸ்போர்ட் கம்பெனி என்று இருந்தது. எனக்கு இருந்தது டைம் ஆபீஸ் ஜன்னல். போய் நின்றேன். நாச்சிமுத்து நான் நினைத்ததைவிட உற்சாகமானார். மேனேஜரிடம் அவரே பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். தொழிலாளிகள், வருகைப் பதிவு, வேலையில் இருந்து விலகியவர்கள் என்று மூன்று வகை விவரம். எல்லாவற்றையும் அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் இந்தப் பக்கம் நின்று எழுதினேன். நாற்காலி போடச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

“ஏனுங்க, ஒரே டோக்கன் ரெண்டு பேருக்கு இருக்குமுங்களா?”

“அதெப்படி இருக்கும்? ஒரு டோக்கன் ஒருத்தருக்குத்தான். அதுல மட்டும் சந்தேகமே வேண்டாம் அம்மணி.”

டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சாவி வேண்டும். இந்த ஆள்தான், வேறு யாரும் இல்லை என்று சொல்லும் ஒன்று. காலியாக இருக்கக்கூடாது, மாறக்கூடாது, இரண்டு பேருக்கு இருக்கக்கூடாது. புத்தகத்தில் இருந்த மூன்று விதியிலும் டோக்கன் எண் தேறியது. அதையே சாவியாக வைத்து மூன்று அட்டவணையையும் இணைத்தேன். கீதா அடித்துத் தள்ளினாள். ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று முடிவு செய்தோம், இடம் மிச்சமாகும் என்று. இன்றைக்கு அந்த இரண்டு இலக்கத்துக்காக உலகமே இரண்டாயிரமாவது ஆண்டு பிறப்பதை நினைத்து நடுங்குகிறது, கம்ப்யூட்டர் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று படித்துவிடுமாம். என் பங்கும் அதில் இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

அதே மாதங்களில்தான் அம்மாவின் இருமல் நிற்காமல் போனது. தர்மாஸ்பத்திரி டாக்டர் பஞ்சுக்குள் இனிமேல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேலையை விட வேண்டும். விட்டால் வாரிசு யார் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தையே இந்த வருடத்தோடு நிறுத்தப்போகிறார்கள் என்று மில்லில் பேச்சு. நாச்சிமுத்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுபடுத்தினார்: “பரீச்சை கிரீச்சைன்னு இருந்துபோட்டு டோக்கனை உட்டுறாதே. அப்பறம் லைன் ஊட்டையும் காலி பண்ணோணும்.” அப்பாவும் அதையே சொன்னார். வீடு போய்விடும் என்பது அவருக்குக் கண் முன்னால் தெரிந்தது. நான் என்னவாகப் போகிறேன் என்பது யாருக்குத் தெரிந்தது? எனக்கே தெரியாது. அம்மா இருமுவாள், இருமி முடித்ததும் என்னைப் பார்ப்பாள், வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

புராஜெக்ட்டை வகுப்பு முன்னால் ஓட்டிக்காட்டும் நாள் வந்தது. சம்பத் சார், “ஏதாவது ஒரு தொழிலாளியைக் காட்டு” என்றார். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஆகும். நான் பெருமைக்காக அம்மாவின் எண்ணைச் சொன்னேன். கீதா அடித்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடியது.

பெயர் மாராத்தாள். பிரிவு கோன் வைண்டிங். நேற்று முதல் ஷிப்டு, வந்திருக்கிறார். நிலை: பணியில் இருக்கும்போதே காலமானார்.

சார் குனிந்து படித்தார். “செத்தவங்க எப்படிம்மா நேத்து மொத ஷிப்டுக்கு வந்தாங்க?”

வகுப்பு சிரித்தது. பின்னால் இருந்து ஒருவன், “மில்லுல பேய்க்கும் வேலை குடுக்கறாங்க சார்” என்றான். இன்னும் சிரித்தார்கள். சாருக்கும் மற்றவர்களுக்கும் அது யார் பெயர் என்று தெரியாது. கீதாவுக்குத் தெரியும். அவள் சிரிக்கவில்லை. திரைக்குக் கீழே இருந்த வெளிச்சத் திருகை மெதுவாகத் திருப்பினாள். எழுத்துகள் மங்கி மங்கி, திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது.

“சார், மானிட்டர் மக்கர் பண்ணுதுங்க. நாளைக்குக் காட்டறோம்.”

எங்கே தப்பு நடந்தது என்பது எனக்கு உட்காரும் முன்பே தெரிந்துவிட்டது. விலகியவர்கள் அட்டவணையில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணில் அப்பிச்சியின் மரணம் இருந்தது. தொழிலாளிகள் அட்டவணையில் அதே எண்ணில் அம்மா இருந்தாள். இரண்டையும் இணைக்கச் சொன்னேன், மெஷின் இணைத்துவிட்டது. டோக்கன் கைமாறிய கதையைப் பாலோடு குடித்து வளர்ந்தவள் நான். அந்த வகுப்பில் அதைத் தெரிந்த ஒரே ஆள். அப்படியும் தோன்றவில்லை. அது எங்கள் குடும்பத்தின் எண், வீட்டு விலாசம் மாதிரி, அதில் இரண்டு ஆள் என்ற எண்ணமே எனக்குள் எழவில்லை.

மற்றவர்கள் அதைப் பிழை என்று சிரித்தார்கள். எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. காலையில் கூட அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். அடுத்து வரப்போகிற வரியை மெஷின் கொஞ்சம் முன்கூட்டியே போட்டுவிட்டதாகத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ஜன்னலுக்குப் போனேன்.

“ஒரு டோக்கன் ஒருத்தருக்குத்தான்னு சொன்னீங்களே?”

“ஆமாங் அம்மணி. இப்பவும் அதேதான் சொல்றேன்.”

“எங்கப்பிச்சிக்கும் அறநூத்திப் பன்னெண்டு, எங்கம்மாளுக்கும் அறநூத்திப் பன்னெண்டுங்களே.”

“அதுல ரெண்டு எங்கிருந்து வந்துச்சு? உங்கப்பிச்சி போனான், உங்கம்மா வந்துச்சு. நாளைக்கு நீ வருவே. டோக்கன் ஒண்ணுதானே?”

“கம்ப்யூட்டருக்கு அது தெரியாதுங்களே.”

“அப்ப அதுக்கு என்னதான் தெரியும்?” என்றார் நாச்சிமுத்து, நிஜமான ஆச்சரியத்தோடு.

கோபப்பட முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. மில்லுக்கு வேண்டியது அந்த இடத்தில் ஓர் ஆள். எந்த ஆள் என்பது முக்கியம் இல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு என்பது மாராத்தாளின் பெயர் அல்ல. மாராத்தாள்தான் அறுநூற்றுப் பன்னிரண்டின் இப்போதைய பெயர்.

வீட்டுக்கு வந்து புதிய கோனைக் கிழித்து விரித்தேன். திருத்துவது எப்படி என்று புரிந்திருந்தது. டோக்கனைச் சாவியாக வைக்கக்கூடாது. ஒவ்வொரு ஆளுக்கும் நானே ஒரு புது எண் கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்ததை அவர் போன பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. எந்த டோக்கன் யாரிடம் எதுவரை இருந்தது என்பதற்குத் தனியாக ஓர் அட்டவணை. அதில் அறுநூற்றுப் பன்னிரண்டுக்கு நேராக முதலில் சுப்பன் என்று எழுதினேன். அதன் கீழே மாராத்தாள். அதன் கீழே இருந்த கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். சுருண்டுவந்த ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

“என்ன கண்ணு எழுதறே?”

“ஆளுக்கு ஒரு நம்பர் போடறேம்மா. இது டோக்கன் மாதிரி இல்லை. ஒருத்தருக்குக் குடுத்தா அது அவங்களுக்குத்தான். வேற யாருக்கும் தரமாட்டோம்.”

“செத்தாலுமா?”

“செத்தாலும்.”

“அப்ப எங்கப்பனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?”

“ஆமா.”

“எங்கப்பன் பேரு எது?” என்று கேட்டாள். காட்டினேன். எழுத்தின் மேல் விரலை வைத்தாள். “இது நானா?” என்று அடுத்ததில் வைத்தாள். பிறகு விரல் அடுத்த காலிக் கட்டத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது.

“இதுல உனக்கு வேண்டாம்” என்றாள்.

அடுத்த வாரம் அவள் டைம் ஆபீசுக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். வில்லையை ஜன்னலில் வைத்தாள். வாரிசு பெயர் எழுத நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார்.

“வாரிசு இல்லீங்க” என்றாள் அம்மா.

“ஏன் மாராத்தா, புள்ளை இந்தா நிக்குதல்லோ?”

“புள்ளை இருக்குதுங்க. வாரிசு இல்லீங்க.”

அவர் பேனாவை மூடவில்லை. என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டு, “சரி, உம்பட இஷ்டம்” என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

அப்பா பல நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை. “ஊட்டைத் தூக்கிக் குடுத்துப்போட்டு வந்திருக்கறாங்க, ஆத்தாளும் மகளும்” என்று சுவரிடம் சொல்வார். சூலூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். அம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நான் பரீட்சை எழுதினேன், தேறினேன். திருத்தின புராஜெக்ட்டைச் சம்பத் சார் பாராட்டினார். “எதுக்குமா தனி நம்பர்? டோக்கனே போதுமே?” என்று வெளியில் இருந்து வந்த தேர்வாளர் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்னால் கீதா, “சார், டோக்கன் செத்தவங்க கிட்ட இருந்து வருதுங்க” என்றாள்.

பிறகு காந்திபுரத்தில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ். நகைக்கடைக்கும் அரிசிமண்டிக்கும் புரோகிராம் எழுதிக்கொண்டே தபால் வழியில் எம்.எஸ்சி. அதைப் பற்றி இன்னொரு நாள் பெருமையடிக்கலாம், நிறையவே இருக்கிறது.

நாங்கள் வீட்டைக் காலி செய்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, மில்லே மூடிவிட்டது. வாரிசு வேலையில் போனவர்கள், என் வயதுக்காரர்கள், கேட்டுக்கு முன்னால் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். லைன் வீடுகள் எல்லாம் காலியாயின. அந்தச் செய்தி வந்த அன்று அப்பா, “நாம அப்பவே யோசிச்சு முன்னாடியே வந்துபோட்டோம்” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கொட்டகை இருந்த இடத்தைக் கடந்து பஸ்ஸில் போகிறபோது இன்றைக்கும் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டேன்.

இப்போது அங்கே சங்கு ஊதுவதில்லை. கேட்டுக்குள் மெஷின்களைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் பித்தளை வில்லைகளும் ஒரு சாக்கில் போயிருக்கும், எண்ணைப் பார்த்து யாரும் எடை போட்டிருக்கமாட்டார்கள். நாச்சிமுத்து மகன் வீட்டோடு பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கீதா கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பனியன் கம்பெனி ஆபீசில் அவள் விரல்கள் மழை பெய்வதாக எழுதியிருந்தாள். நான் படித்த கல்லூரியின் லேபில் சிவப்புக் கம்பளத்தை எடுத்துவிட்டார்கள். செருப்போடு போகலாம். என் புராஜெக்ட் ஒரு பெரிய மெல்லிய ஃபிளாப்பியில் இருக்கிறது. அதை நுழைக்கிற வாய் உள்ள கம்ப்யூட்டர் இப்போது சேர்ந்திருக்கும் கல்லூரியில் ஒன்றுகூட இல்லை. கோன் காகிதம் மட்டும் அம்மாவிடம் இருக்கிறது. சுருட்டத் தேவையே இல்லை, தானாகவே சுருண்டு பெட்டிக்குள் கிடக்கிறது.

ஆபீஸ் பெண் அன்றைக்கே திரும்பி வந்து பதில் சொன்னாள்.

“பாத்துட்டனுங் மேடம். இது உங்களுக்குன்னே போட்ட புது நம்பருங்க. இதுக்கு முன்னாடி யாருக்கும் இல்லீங்க.”

“நான் போனதுக்கப்பறம்?”

“போறதா இருக்கீங்களா?” என்று பதறினாள்.

நேற்று என் முதல் வகுப்பு. வகுப்பில் பெண்கள் பாதிக்கு மேல். சாக்பீஸை எடுத்தேன். புத்தகத்தில் இருக்கிற உதாரணத்தை விட்டுவிட்டு, ஒரு மில், ஒரு டோக்கன் என்று ஆரம்பித்தேன். கரும்பலகையில் அட்டவணை போட்டு, முதல் வரிசையில் சுப்பன் என்றும், அடுத்ததில் மாராத்தாள் என்றும் எழுதி, இருவருக்கும் தனித்தனி எண் கொடுத்தேன். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். முன் பெஞ்சில் ஒருத்தி கை தூக்கினாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின தலை, கேட்கும் முன்பே சிவந்துபோன முகம்.

“மேடம், மூணாவது ஆள் யாருங்க?”

“அவ வேற டேபிள்ல இருக்கா” என்றேன். கரும்பலகையின் மறுபாதியைத் துடைத்துவிட்டு, என் அடையாள அட்டையின் எண்ணில் தொடங்கி அந்த அட்டவணையை வரைய ஆரம்பித்தேன்.